பத்து வருஷ கேரண்டி... 'தவிர'!

கேரண்டிக்கும் வாரண்டிக்கும் என்ன வித்தியாசம்?

மிக்ஸி வாங்கப் போன எல்லோருக்கும் இதற்குப் பதில் தெரியும். கேரண்டி என்றால் புதுசு கொடுப்பான், வாரண்டி என்றால் ரிப்பேர் பண்ணிக் கொடுப்பான். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் யாரோ ஒரு கடைக்காரர். சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, கேரண்டி என்பது ஜாமீன் கையெழுத்து. 'மச்சினன் கடனைக் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்' என்று பாங்க்கில் போய்ப் போட்டுவிட்டு வருகிறோமே, அது! வாரண்டி என்பது 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்தில் வருகிறது. வாரண்டி மீறப்பட்டால் நஷ்ட ஈடு கேட்கலாம், ஆனால் அந்த ஒரு காரணத்துக்காகப் பொருளைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

மொட்டை மாடி விஷயத்தில் இது ரொம்ப நியாயம். மாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாம் எங்கே போய்ப் படுப்பது?

இந்தச் சட்ட ஞானமெல்லாம் எனக்குச் சும்மா வரவில்லை. எங்கள் வீடு முப்பது வயசைத் தாண்டிய வீடு. போன மழையில் அம்மா படுக்கிற ரூமில், ஃபேனுக்குப் பக்கத்தில் ஒரு ஓதம் தெரிந்தது. முதலில் இலங்கை மேப் மாதிரி இருந்தது. தை மாசத்துக்குள் ஆஸ்திரேலியா ஆகிவிட்டது. அம்மா அதைப் பார்த்தபடியே படுத்திருப்பாள். "ஏண்டா, இது என் தலை மேல விழுமா?" என்று ஒரு நாள் கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

விழும். அதுதான் விஷயம். கான்கிரீட் தளத்தில் தண்ணீர் இறங்கினால் முதலில் கெடுவது பெயின்ட், அப்புறம் உள்ளே இருக்கிற கம்பி. கம்பி துருப்பிடித்தால், அந்தத் துரு பழைய கம்பியைவிட அதிக இடம் கேட்கும். தளத்துக்குள் இடம் ஏது? அடியில் இருக்கிற சிமென்ட்டைப் பிளந்து தள்ளிவிடும். அப்படித்தான் நல்லாயிருந்த சீலிங் ஒரு நாள் பாளம் பாளமாகக் கட்டில் மேல் வந்து இறங்குகிறது.

எனவே அம்மாவின் கட்டிலை ஹாலுக்கு மாற்றினேன். மூன்று பேரைக் கூப்பிட்டு மாடியைக் காட்டினேன். மூன்று பேரும் செருப்பைக் கழற்றாமல் ஏறினார்கள், தட்டோட்டைக் கட்டை விரலால் தட்டிப் பார்த்தார்கள், "இதை யார் சார் போட்டது?" என்று கேட்டார்கள். (யார் வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். டாக்டர், டெய்லர், கொத்தனார் மூவருக்கும் இது தொழில் தர்மம்.) இரண்டு நாளில் மூன்று பேப்பர்கள் வந்தன.

முதல் பேப்பர்: 54,000 ரூபாய், 10 வருஷ கேரண்டி.

இரண்டாவது: 66,000 ரூபாய், 7 வருஷ வாரண்டி.

மூன்றாவது: 60,000 ரூபாய், 3 வருஷம். வாரண்டியா கேரண்டியா என்று சொல்லவில்லை. 'ஒழுகினால் வந்து சரி செய்து தரப்படும்' என்று மட்டும் எழுதியிருந்தது.

கணக்கில் சுமாரானவர்கள்கூட முதல் பேப்பரைத்தான் எடுப்பார்கள். குறைந்த காசு, நிறைய வருஷம். என் மனைவியும் அதைத்தான் எடுத்தாள். ஆனால் எடுத்தவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடியில் இருந்த சின்ன எழுத்தையும் படித்தாள்.

"ஏங்க, 'தவிர'ன்னு போட்டிருக்கே, அது என்ன?"

நான் வாங்கிப் படித்தேன். 'கட்டட விரிசல், இயற்கைச் சீற்றம், நீர் தேக்கம் ஆகியவற்றால் ஏற்படும் கசிவு தவிர.'

நீங்களே சொல்லுங்கள். விரிசல் இல்லாமல், மழை கொட்டாமல், தண்ணீர் தேங்காமல் ஒரு மாடி ஒழுகினால் அதற்குக் கேரண்டி எதற்கு? கோயில் கட்டிக் கும்பிடலாம்!

அன்றைக்கு எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. மாடிக்குக் கொடுக்கிற கேரண்டியில் பெரிய எழுத்தில் இருக்கிற வருஷத்தைப் பார்க்கவே கூடாது. சின்ன எழுத்தில் இருக்கிற 'தவிர'வைப் பார்க்க வேண்டும். மூன்று பேப்பரை ஒப்பிடுவது என்றால் மூன்று 'தவிர'க்களை ஒப்பிடுவது என்று அர்த்தம்.

'தவிர' எல்லாமே அயோக்கியத்தனம் என்று சொல்ல மாட்டேன். நியாயமானதும் உண்டு. கெமிக்கல் பூசிவிட்டுப் போனவர், பிற்பாடு நாம் டிஷ் ஆன்டெனாவுக்கும் சோலார் ஸ்டாண்டுக்கும் துணிக்கொடிக் கொக்கிக்கும் டிரில் போட்ட ஓட்டைக்குப் பொறுப்பாவாரா? மாட்டார். மேலே இருக்கிற வாட்டர் டாங்க் வழிந்தால் அவர் என்ன செய்வார்? அஸ்திவாரம் இறங்கி வீடே பிளந்தால், அதற்கு 60,000 ரூபாயில் அவரிடம் மருந்து இல்லை.

ஆனால் 'விரிசல்' என்று மொட்டையாகப் போட்டால் விடக்கூடாது. தளம் வெயிலில் விரிந்து, ராத்திரியில் சுருங்கி, தலைமுடி மாதிரி கோடு விழத்தான் செய்யும். அதைத் தாங்கத்தானே ரப்பர் மாதிரி இழுபடும் பூச்சைப் பூசுகிறார்கள்? 'எத்தனை மில்லிமீட்டர் விரிசல் வரைக்கும் உங்க பூச்சு தாங்கும்?' என்று கேட்டு, அந்த நம்பரைப் பேப்பரில் எழுதச் சொல்ல வேண்டும். 'நீர் தேக்கம்' என்றால், 'அப்போ முதல்ல வாட்டத்தைச் சரி பண்ணிட்டுப் பூசுங்க' என்று சொல்ல வேண்டும். தண்ணீர் குழாயை நோக்கி ஓடுகிற வாட்டம் இல்லாத மாடியில் எதைப் பூசினாலும், அது குளத்துக்குப் பெயின்ட் அடித்த கதைதான். 'இயற்கைச் சீற்றம்' என்றால் பூகம்பம், புயல் என்று பெயர் சொல்லி எழுதட்டும். மழை அதில் சேரக்கூடாது. 2015 டிசம்பரையும் 2023-ல் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரனிடம் 'கனமழை தவிர' என்று எழுதிக் கொடுப்பவர், குடையை விற்றுவிட்டு 'நனையாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று சொல்பவர்.

இரண்டாவது பேப்பருக்கு வருகிறேன். அது பளபளவென்று கலரில் இருந்தது. ஒன்று என்று நினைத்தால் உள்ளே இரண்டு இருந்தன. மருந்து தயாரிக்கிற கம்பெனி கொடுப்பது 7 வருஷம், சரக்குக்கு மட்டும். அதைப் பூசுகிற கான்ட்ராக்டர் கொடுப்பது 1 வருஷம், வேலைக்கு மட்டும். பூச்சு உரிந்தால் தப்பு டப்பாவிலா, பிரஷ்ஷிலா என்று கம்பெனியும் கான்ட்ராக்டரும் பட்டிமன்றம் நடத்துவார்கள். நடுவர் நாம். தீர்ப்பு எப்படி வந்தாலும் பக்கெட் வைக்கப் போவதும் நாம்தான்.

அதோடு அதில் 'விகிதாசார முறையில்' என்று ஒரு வார்த்தை. நான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். மொத்தம் 66,000. அதில் சரக்கின் விலை 30,000, மீதி கூலி. ஐந்து வருஷம் முடிந்து பூச்சு போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி இருப்பது ஏழில் இரண்டு பங்கு. 30,000-ல் ஏழில் இரண்டு பங்கு 8,571 ரூபாய். அந்தத் தொகைக்கு டப்பாக்கள் வரும். பூசுகிற ஆள் வரமாட்டார். பழைய பூச்சைச் சுரண்டிக் கழுவும் செலவு, கீழே பாழான சீலிங், பெயின்ட், அம்மாவின் மெத்தை எதுவும் கணக்கில் சேராது.

இது நம் ஊர்த் தந்திரம் என்று நினைத்து வெட்கப்பட வேண்டாம். அமெரிக்காவில் வீட்டுக் கூரை சரிவாக இருக்கும்; மேலே தார் கலந்த தகடுகளை ஓடு மாதிரி அடுக்குவார்கள். அந்தத் தகடுகளுக்கு 'லைஃப் டைம் வாரண்டி' கொடுப்பது அங்கே சகஜம். யாருடைய லைஃப்? கூரையுடையதும் இல்லை, நம்முடையதும் இல்லை. பெரும்பாலான கம்பெனிகளின் பேப்பரில், முதலில் வாங்கினவர் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரராக இருக்கிற வரைக்கும் என்றுதான் அர்த்தம். அதிலும் முதல் சில வருஷங்களுக்குத்தான் முழு மரியாதை. பிறகு வருஷா வருஷம் தேய்பிறை. வீட்டை விற்றால் அடுத்தவருக்கு மாற்றித் தர நிபந்தனை, கெடு எல்லாம் உண்டு. ஆக, 'தவிர' என்பது உலகப் பொதுமொழி.

பத்து வருஷத்தைப் பார்த்து ஏமாறுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு எங்கள் பின் தெருவில் ஒருவர் இருக்கிறார். ரிட்டயர்ட் டீச்சர். தனியாக இருக்கிறார். ரிட்டயர்மென்ட் பணத்தில் 70,000 ரூபாயை எடுத்து மாடிக்குப் போட்டார். 'பில் வேண்டாம்னா 18 பர்சென்ட் ஜி.எஸ்.டி. மிச்சம் மேடம்' என்றார்களாம். டீச்சரும் சரி என்றார். லெட்டர்ஹெட்டில் 10 வருஷம் என்று அழகாக எழுதிக் கொடுத்தார்கள். அதை லாமினேட் பண்ணிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். மூன்றாவது மழையில் சாமி ரூமே ஒழுகியது. பேப்பரில் இருந்த நம்பருக்கு அடித்தால், 'நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை.' விலாசத்தில் போய்ப் பார்த்தால் இப்போது அங்கே பிரியாணிக் கடை. கேரண்டி பேப்பரில் மட்டும் ஒரு சொட்டு ஈரம் படவில்லை. லாமினேஷன் அவ்வளவு தரம்!

நான் டீச்சரோடு உட்கார்ந்து சட்டத்தைப் புரட்டினேன். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. பில் கொடுக்காததே அந்தச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை. நிறைவேற்ற வழியே இல்லாத வாரண்டியைப் பொதுமக்களுக்குக் கொடுப்பதும் அப்படியே. இவ்வளவு வருஷம் உழைக்கும் என்று ஒரு பொருளுக்குக் கேரண்டி கொடுத்தால், சரியாகச் சோதித்துப் பார்த்துத்தான் கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியதும் கொடுத்தவர்தான். நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்னை ஆரம்பித்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். போனில் யோசனை கேட்க 1915 என்று ஒரு ஹெல்ப்லைன் இருக்கிறது.

டீச்சர் முன்பணத்தைச் செக்காகக் கொடுத்திருந்தார். நல்ல வேளை, அது ஒரு சாட்சி. புகார் கொடுத்தாகிவிட்டது. ஆனால் நோட்டீஸை யாருக்கு அனுப்புவது? பிரியாணிக் கடைக்கா? டீச்சர் இன்னமும் அந்த விலாசத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவருக்கு வர வேண்டிய 70,000 ரூபாய் சட்டத்தில் பத்திரமாக இருக்கிறது. கையில்தான் இல்லை.

ஃப்ளாட்காரர்களுக்கு ஒரு வார்த்தை. புது ஃப்ளாட் வாங்கி மாடி ஒழுகுகிறது என்றால் உடனே கெமிக்கல்காரரைக் கூப்பிட வேண்டாம். 2016-ம் வருஷத்து ரெரா சட்டப்படி, சாவி கொடுத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டுமானத்திலோ வேலையிலோ குறை தெரிந்து நாம் சொன்னால், பில்டர் 30 நாளில் இலவசமாகச் சரி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நஷ்ட ஈடு. அதே சட்டத்தில் மொட்டை மாடி பொது இடமாகத்தான் வருகிறது. ஆகவே கடைசி மாடிக்காரர் தலையில் மட்டும் செலவைக் கட்டுவதற்கு முன்னால், அசோசியேஷன்காரர்கள் கொஞ்சம் அந்தச் சட்டத்தைப் படிக்கலாம்.

சரி, என் மூன்றாவது பேப்பருக்கு வருகிறேன். அதைக் கொடுத்தவர் ஒரு மேஸ்திரி. சின்னதாகக் கான்ட்ராக்ட் எடுக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் அவர் வீடு. பில் போட்டுக் கொடுக்கிறார். பழைய காலத்து மெட்ராஸ் டெரஸ் போட்டார்களே, தேக்குக் கட்டை மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்துக்கல்லாக அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி... அதற்கு யாரும் கேரண்டி பேப்பர் கொடுத்ததில்லை. கட்டின கொத்தனார் அதே ஊரில் இருந்தார். ஒழுகினால் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடலாம். மேஸ்திரியிடம் எனக்குப் பிடித்தது அந்தத் திண்ணைதான்.

அதற்காகப் பேப்பர் வேண்டாம் என்று விட்டுவிடவில்லை. உட்கார்ந்து பேசினோம்.

"மேஸ்திரி, மூணு வருஷத்தை அஞ்சாக்குங்க."

"வாட்டம் எடுத்துப் போடறதுக்கு இன்னும் ஆறாயிரம் ஆகும் சார். போட்டா அஞ்சு வருஷம் எழுதித் தர்றேன்."

ஆக 66,000. இரண்டாவது பேப்பரின் அதே விலை. ஆனால் ஐந்து வருஷத்துக்கும் சரக்கு, கூலி இரண்டும் சேர்த்து. முழுசாக, தேய்பிறை இல்லாமல். பேப்பரில் இன்னும் சிலவற்றை எழுதிக்கொண்டோம். எந்த மருந்து, எத்தனை கோட், எத்தனை சதுர அடி. கைப்பிடிச்சுவர் ஓரமும், தண்ணீர் போகிற குழாய் வாயும் சேர்த்தி. (ஒழுகுவதே அந்த ஓரத்தில்தான். 'தளம் மட்டும்' என்று எழுதினால் அந்த ஓரம் அனாதை.) ஒழுகுகிறது என்று வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் 7 நாளில் வந்து பார்க்க வேண்டும். வீட்டை விற்றால் வாங்குகிறவருக்கும் இது செல்லும்.

பணம் கொடுப்பதிலும் ஒரு ஏற்பாடு. வேலை முடிந்ததும் குழாய் வாயை அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் நிறுத்திவைத்துக் கீழே சீலிங்கைப் பார்க்க வேண்டும். எங்கள் மாடி 900 சதுர அடி. அதில் ஓர் அங்குலம் தண்ணீர் என்றால் சுமார் 2,100 லிட்டர், அதாவது இரண்டு டன்னுக்கு மேல். பழைய வீடு என்பதால் மேஸ்திரி மாடியை மூன்று பாகமாகப் பிரித்துப் பாத்தி கட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பத்தில் ஒரு பங்கு பணம், முதல் ஐப்பசி மழை தாண்டின பிறகு. "கேரண்டியைவிட இதுதான் சார் எங்களைத் திரும்ப வரவைக்கும்" என்று மேஸ்திரியே சிரித்தார்.

அவருடைய பேப்பரிலும் ஒரு 'தவிர' இருந்தது. 'மாடியைத் தவறாக உபயோகித்தல் தவிர.'

என் மனைவி மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "தவறான உபயோகம்னா என்ன மேஸ்திரி? வடாம் காயப்போட்டா?"

"ஐயோ, அது பரவாயில்லம்மா. பெரிய பட்டாசு வெக்கக்கூடாது, கடப்பாரை போடக்கூடாது, அம்மிக்கல்லை இழுக்கக்கூடாது."

"அப்படின்னா அதை எழுதுங்க."

எழுதினார். 'பட்டாசு, கடப்பாரை, கனமான பொருளை இழுத்தல் தவிர. வடாம் காயப்போடுதல், துணி உலர்த்துதல், வருஷம் ஒரு தடவை குழாய் வாயில் சருகு எடுத்துப் பெருக்குதல் சாதாரண உபயோகம்.' கையெழுத்துப் போடப் போனவர், பேனாவை நிறுத்தி யோசித்தார்.

"சார், சித்திரை வெயில்ல பாய் போட்டு மாடியில படுக்கறதையும் சேர்த்துரலாமா? பெரியம்மாவுக்குக் காத்தோட்டமா இருக்கும்."

சேர்த்தோம்.